சாயல்குடி பஸ்ஸில் ஏறிப் போனவள்

ஜனவரி 8, திங்கள்

முதலில் மன்னிப்பு. எனக்கு எழுதும் பழக்கம் கிடையாது. பரீட்சைகளில் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறேன், ஆனால் அங்கே கேள்வியை அவர்களே கொடுத்துவிடுவார்கள். இங்கே நிருபமா மேடம் ஆளுக்கொரு நோட்டைக் கொடுத்து, "மனசுல என்ன தோணுதோ எழுதுங்க. வேலை முடிஞ்சதும் வாங்கிப் படிப்பேன். நான் எதையும் திருத்த மாட்டேன்" என்று சொல்லிவிட்டார். ஆளுக்கொன்று என்றால் மொத்தம் இரண்டு. ஒன்று எனக்கு, ஒன்று ஒலி அமைப்பைப் பார்க்கும் ஜெரோம் அண்ணனுக்கு. அவர் தன் நோட்டில் ஒயர்களின் நீளத்தை எழுதிவைக்கிறார்.

மேடம் சென்னையிலிருந்து வந்திருக்கும் ஓவியர். ஆனால் படம் வரைவதில்லை. எங்கள் கீழத்துறையில் பாழடைந்து கிடக்கும் உப்புக் கிடங்கு, நாங்கள் கிட்டங்கி என்போம், அது முழுவதையும் ஒரே கலைப்படைப்பாக மாற்றப் போகிறார். இருட்டு, வெளிச்சம், குரல், உப்பு வாசனை எல்லாம் அதில் இருக்கும். "வர்றவங்க கதையைப் பார்க்கக் கூடாது, கதைக்குள்ள நடக்கணும்" என்றார். நான் தலையாட்டினேன். வரலாற்றில் பி.ஏ. முடித்துவிட்டு எட்டு மாதமாக வீட்டில் இருப்பவளுக்கு எதற்கும் தலையாட்ட வரும்.

அம்மையிடம் சொன்னேன். அவள் உப்பளத்திலிருந்து வந்து காலைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

"பொருட்காட்சியில பேய்வீடு போடுவாவள்லா, அதான?"

"இல்லம்மா, இது கலை."

"டிக்கெட் உண்டா?"

"கெடையாது."

"அப்ப கலைதான்."

ஜனவரி 10, புதன்

கிட்டங்கியைக் கூட்டிப் பெருக்கினோம். வெள்ளைக்காரன் காலத்தில் கட்டியது. கப்பலுக்குப் போகும் உப்பை இங்கேதான் எடை போட்டிருக்கிறார்கள். துறைமுகம் மணல் மூடிப் போனபிறகு ரேஷன் அரிசி வைத்தார்கள், ஓட்டுப்பெட்டி வைத்தார்கள், புயல் வந்தால் எங்களை வைத்தார்கள். நடுவில் அந்தக் காலத்துத் தராசு இன்னும் நிற்கிறது. ஒரு தட்டில் இரண்டு ஆள் உட்காரலாம்.

கூரையில் ஒரு பெரிய ஓட்டை. அதன் வழியாக விழும் வெயிலைப் பார்த்துக்கொண்டு மேடம் அரை மணி நேரம் நின்றார். புயலில் பிய்ந்தது என்று ஊரில் சொல்வார்கள். கோழிக்கூட்டுக்காக என் மாமா தகரத்தைக் கழற்றினார் என்பது எங்கள் வீட்டுக்கு மட்டும்தான் தெரியும். இந்த வரியை அடித்துவிடலாம் என்று பார்த்தேன். அடித்தால் இன்னும் பளிச்சென்று தெரியும்.

"வரலாறு கிடைச்சிடுச்சு, இப்போ புராணம் வேணும்" என்றார் மேடம். ஒவ்வொரு பழைய கட்டடத்துக்கும் மக்கள் ஒரு கதை வைத்திருப்பார்களாம். அதைக் கேட்டு வாங்கி வருவதுதான் என் வேலை.

ஜனவரி 13, சனி

மூன்று நாட்களில் இருபத்தாறு வீடு. மற்றவர்களிடம் போய்ப் பேசுவது எனக்கு ஊசி போட்டுக்கொள்வது மாதிரி. வாசலில் நின்று செருப்பைப் பார்த்துக்கொண்டே கேட்டேன்.

"கிட்டங்கியப் பத்தி எதாவது கதை உண்டா அத்த?"

செல்லக்கனி அத்தை முறத்தைக் கீழே வைத்தாள். "இருக்கு. அதுக்குப் பின்னாலதான் எங்க வீட்டுக்காரரு சீட்டாடிட்டுக் கெடப்பாரு."

"சாமி, பேய், அந்த மாதிரி?"

"அவரவிடவா ஒரு பேயி?"

ரேஷன் கடையில் முப்பது வருடம் நிறுத்துப் போட்டு ஓய்வு பெற்ற ஆறுமுகநயினார் அண்ணாச்சி, இப்போது அம்மன் கோயில் கமிட்டித் தலைவர். "அந்தக் கெட்டடத்துல சாமியும் கெடையாது, பூதமும் கெடையாது. எலிதான் உண்டு. எழுதிக்கோ" என்றார். எழுதிக்கொண்டேன்.

ஜனவரி 15, திங்கள்

பொங்கல். நான்கு வீடுகளில் கரும்பு தின்றேன். ஒரு வீட்டிலும் புராணம் இல்லை.

ஜனவரி 17, புதன்

வெள்ளிக்கிழமைக்குள் கதை கிடைக்காவிட்டால் வேறு ஊர் பார்க்க வேண்டியதுதான் என்று மேடம் சொன்னார். எண்பது கிலோமீட்டர் தள்ளி ஒரு பழைய கலங்கரை விளக்கம் இருக்கிறதாம். அங்கே மூன்று புராணம் தயாராக இருக்கிறதாம். அவர் கோபமாகச் சொல்லவில்லை. என் தோளைத் தட்டி, "நீ நல்லா முயற்சி பண்ணே" என்றார். எங்கள் தெருவில் வேலை போவதற்கு முன்னால் எல்லோரையும் இப்படித்தான் தட்டுவார்கள்.

இந்த வேலை போய்விட்டால் அம்மையோடு உப்பளத்துக்குப் போக வேண்டும். அளத்து வேலை கேவலம் என்று சொல்லவில்லை. அந்த வேலைக்கு என் கை ஆகாது. இரண்டு நாள் போய்ப் பார்த்தவள்தான். மூன்றாம் நாள் அம்மையே, "நீ வந்தா எனக்கு ரெண்டு வேல" என்று திருப்பி அனுப்பிவிட்டாள்.

ஜனவரி 18, வியாழன்

கதை கிடைத்துவிட்டது.

பஸ் ஸ்டாப்பில் ஒரு வயதான பெண்மணி சொன்னார். பெயர் கேட்கவில்லை. சாயல்குடி பஸ்ஸில் ஏறிப் போய்விட்டார். அவர் சொன்னது இது:

அந்தக் காலத்தில் கிட்டங்கிக்கு உப்புச் சுமக்க ஒருத்தி வந்தாள். யாரிடமும் பேசமாட்டாள். எடைக்காரன் தட்டில் ஏமாற்றினாலும் பேசமாட்டாள், கங்காணி திட்டினாலும் பேசமாட்டாள். நகத்தை மட்டும் கடித்துக்கொள்வாள். பன்னிரண்டு வருடம் இப்படி. ஒருநாள் கால் வலிக்கிறது என்று தராசின் ஒரு தட்டில் உட்கார்ந்துவிட்டாள். எழுப்ப முடியவில்லை. எடைக்காரன் எதிர்த் தட்டில் ஒரு மூட்டை உப்பை வைத்தான். அசையவில்லை. பத்து மூட்டை. நூறு மூட்டை. கிட்டங்கியில் இருந்த அத்தனை உப்பையும் ஏற்றியும் அவள் தட்டு தரையைவிட்டு எழும்பவில்லை. சொல்லாமல் விழுங்கியதெல்லாம் உள்ளே எடையாகக் கிடந்தது. கடைசியில் வெள்ளைக்காரத் துரை குனிந்து, "உனக்கு என்னம்மா வேண்டும்?" என்று கேட்டான். அதுவரை யாரும் அவளை அப்படிக் கேட்டதில்லை. அவள் பேசத் தொடங்கினாள். ஒவ்வொரு சொல்லுக்கும் தட்டு ஒரு விரற்கடை உயர்ந்தது. பன்னிரண்டு வருடத்தையும் பேசி முடித்தபோது கூரையைப் பிய்த்துக்கொண்டு மேலே போய்விட்டாள். அவள் பெயர் எடைக்காரி அம்மை.

இரண்டரைப் பக்கம். ஒரு அடித்தல்கூட இல்லாமல் எழுதி முடித்தேன். ஞாபகத்திலிருந்து.

ஜனவரி 19, வெள்ளி

கதையைத் தனித் தாளில் எழுதிக் கொடுத்தேன். மேடம் படித்துவிட்டு அழுதார். மூக்கைத் துடைத்துக்கொண்டு, "ஆயிரம் பேர் வாயில புரண்டு புரண்டு வந்தாத்தான் ஒரு கதை இப்படி வழவழப்பாகும். இதை எந்தத் தனி மனுஷனாலயும் எழுத முடியாது" என்றார்.

நான் தண்ணீர் குடித்தேன்.

அந்தப் பெண்மணியை எப்படியாவது பார்க்க வேண்டும் என்கிறார். சாயல்குடி பெரிய ஊர் என்றேன். நான் அங்கே போனதில்லை.

ஜனவரி 27, சனி

கதையைச் சொல்ல ஒரு குரல் வேண்டும், உப்பளத்தில் வேலை செய்யும் பெண்ணாக இருந்தால் நல்லது என்று மேடம் கேட்டார். என் அம்மை வெள்ளத்தாயைக் கூட்டிப் போனேன். அவளுக்குப் படிக்கத் தெரியாது. நான் படித்துக் காட்டினேன். அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டு கேட்டாள். பிறகு ஜெரோம் அண்ணன் நீட்டிய மைக்கில் தன் போக்கில் சொன்னாள். எல்லாம் சரியாகத்தான் வந்தது, கடைசி மட்டும் மாறிவிட்டது.

"பேசி முடிச்சதும் எறங்கி, சேலைய ஒதறிக்கிட்டு வீட்டுக்குப் போயிட்டா. அடுப்புல ஒல வச்சிருந்தால்லா."

"இல்லம்மா, பறந்து போறாங்க" என்றார் மேடம்.

"பறந்து போயிட்டா மறுநாளு வேலைக்கு யாரு வாரது?"

மேடம் கெஞ்சிக் கூத்தாடி அவளைப் பறக்கவைத்தார்.

திரும்பி நடக்கும்போது அம்மை கேட்டாள். "அந்த எடைக்காரி எதுக்குட்டி ஒன்னய மாதிரியே நகத்தக் கடிக்கா?"

"எல்லாரும் கடிப்பாங்கம்மா."

"சாமி கடிக்குமா?"

வழியில் தக்காளி வாங்கினோம்.

பிப்ரவரி 3, சனி

வாசல் சுவரில் பலகை மாட்டிவிட்டார்கள். "எடைக்காரி அம்மை. கீழத்துறை மக்களின் வாய்மொழி மரபு. சொன்னவர் பெயர் தெரியவில்லை. உருவாக்கம்: நிருபமா." ஆணி அடிக்கும்போது ஏணியைப் பிடித்துக்கொண்டது நான்தான். பலகை கொஞ்சம் கோணலாக இருக்கிறது. சொல்லவில்லை.

பிப்ரவரி 10, சனி

திறப்பு. படைப்பு இப்படி: இருட்டுக்குள் உப்பு மெத்தையில் நடந்து வர வேண்டும். பதினாறு ஸ்பீக்கரிலிருந்தும் என் அம்மையின் குரல் கதை சொல்லும். கடைசியில் தராசு. ஒருவர் தட்டில் உட்கார்ந்து ஏதாவது பேசினால், மறைந்திருக்கும் மோட்டார் அவரை மெல்ல மேலே தூக்கும். வாயை மூடினால் நின்று, மெல்லக் கீழே இறங்கும். பேசியதை மைக் பதிவு செய்து, மற்றக் குரல்களோடு கலந்து, அடுத்து வருபவர்களின் காதில் போடும். "உங்கள் குரலும் படைப்பின் பகுதியாகிறது" என்று ஒரு அறிவிப்பு இருக்கிறது. செருப்போடு வரலாம் என்றும் ஒரு அறிவிப்பு இருக்கிறது. வாசலில் நூற்றுப் பத்து ஜோடி செருப்பு கிடந்தது.

பிப்ரவரி 12, திங்கள்

ஒரு தாய் ஐந்து மாதக் குழந்தையோடு வந்தாள். குழந்தையை ஒரு தட்டில் வைத்து, எதிர்த் தட்டில் வெல்லத்தை அடுக்கினாள். துலாபாரம். பேறுகாலம் கஷ்டமாம், வேண்டிக்கொண்டாளாம்.

"எப்ப வேண்டுனீங்க?" என்று கேட்டேன். எடைக்காரி அம்மை பிறந்து இருபத்தைந்து நாள்தான் ஆகிறது.

"அது போன வருசமே" என்றாள்.

மாலைக்குள் ஐந்து துலாபாரம். வெல்லம் மூன்று, வாழைக்காய் ஒன்று, அயோடின் உப்புப் பாக்கெட் ஒன்று. எறும்பு வந்துவிட்டது. மைக்குக்குள் எறும்பு போனால் மழை பெய்கிற மாதிரி சத்தம் வருகிறது. மேடத்துக்கு அது பிடித்திருக்கிறது. ஜெரோம் அண்ணனுக்குப் பிடிக்கவில்லை.

பிப்ரவரி 14, புதன்

அறிவிப்பை யாரும் படிக்கவில்லை என்பது இன்று தெரிந்தது. தட்டில் உட்கார்ந்து சொன்னால் எடைக்காரி அம்மையின் காதுக்கு மட்டும் போகும் என்று ஊர் நினைத்திருக்கிறது. நேற்று செல்லக்கனி அத்தை தட்டில் ஏறி மனதைக் கொட்டியிருக்கிறாள். இன்று காலை அவள் மருமகள் பாக்கியலெட்சுமி உள்ளே வந்தாள். பதினாறு ஸ்பீக்கரிலும், பின்னணியில் கடல் அலையோடு:

"சாளக் கொழம்பு வச்சா பெரிய மீனெல்லாம் அவளுக்கு, பொடிசெல்லாம் எனக்கு. தாயே, நீயே பாத்துக்கோ."

பாக்கியலெட்சுமி நேராகப் போய்த் தட்டில் உட்கார்ந்தாள். "தாயே, அந்தப் பொம்பளைக்கிப் பல்லு கெடையாது. முள்ளு மாட்டிச் செத்தாலும் என்னையத்தான் சொல்லுவாவ." தட்டு எட்டடி உயர்ந்தது. இறக்குவதற்கு அவளாக வாயை மூட வேண்டியிருந்தது.

அத்தைக்குச் செய்தி போய், அவள் பதில் சொல்ல வந்தாள். இரண்டு பேரும் வீட்டில் பேசிக்கொள்வதில்லை, இங்கே வந்துதான் பேசுகிறார்கள். கேட்க வரிசை கடைத்தெரு வரை நிற்கிறது. "இதுதான் பங்கேற்பு" என்றார் மேடம், கண் கலங்கி.

பிப்ரவரி 16, வெள்ளி

ஆறுமுகநயினார் அண்ணாச்சி கமிட்டியோடு வந்தார். அந்தத் தராசில் எடைக்காரனாக இருந்தது அவருடைய கொள்ளுத்தாத்தாதானாம். ஆகவே வரும் செவ்வாய், இதற்குப் பணம் கொடுப்பவர்கள் பார்க்க வரும்போது முதல் மரியாதை அவர் குடும்பத்துக்குத்தான் என்றார்.

"கதையில எடைக்காரன் ஏமாத்துறவன் ஆச்சே அண்ணாச்சி" என்றேன். என் வாயிலிருந்து எப்படி வந்தது என்று தெரியவில்லை.

"அதத்தான் சொல்ல வந்தேன். நீங்க தப்பாப் போட்டுருக்கிய. ஏமாத்துனது கங்காணி. எங்க தாத்தாதான் நியாயமா நிறுத்தாரு. அம்மை மேல போறதக் கண்ணால கண்டதும் அவருதான். பச்சச் சேல."

"சேலை நிறம் கதையில இல்லயே."

"பிள்ள, ஒனக்கு என்ன வயசு?"

"இருபத்திரண்டு."

"எனக்கு எழுபத்தொண்ணு. இந்தக் கதைய நான் தொட்டில்ல கெடக்கும்போதே கேட்டவன். படிச்சிட்டா எல்லாம் தெரியுமோ?"

மேடம் அவசரமாகப் பச்சைச் சேலையைக் குறித்துக்கொண்டார். நானும் குறித்துக்கொண்டேன். நல்ல யோசனைதான். எனக்குத் தோன்றியிருக்க வேண்டும்.

பிப்ரவரி 18, ஞாயிறு

கதவு திறக்கும் முன் ஜெரோம் அண்ணன் மைக்கைச் சுத்தம் செய்தார். "ஏறி உக்காந்து எதாச்சும் பேசும்மா, சரியாக் கேக்குதான்னு பாக்கணும்" என்றார். ஒன்று இரண்டு மூன்று என்று வாய்க்குள்ளேயே எண்ணினேன். தட்டு அசையவில்லை. "வாய்க்குள்ள எண்ணுனா தூக்காது. பேசு" என்றார்.

பேசினேன். பதிவாகாது என்று நினைத்தேன். கொஞ்சம் உயரம் போனேன்.

பிப்ரவரி 20, செவ்வாய்

இதற்கெல்லாம் பணம் கொடுக்கும் அறக்கட்டளையிலிருந்து மூன்று பேர் வந்தார்கள். அண்ணாச்சிக்குப் பரிவட்டம் கட்டினார்கள். எல்லோரும் இருட்டுக்குள் வரிசையாக நடந்தோம். நான் தண்ணீர்ப் பாட்டில்களோடு பின்னால். என் அம்மையின் குரல், எறும்பின் மழை, சாளை மீன் எல்லாம் வந்தது. பிறகு ஒரு பெண்ணின் குரல் தனியாக, மற்ற எல்லாவற்றையும்விடச் சத்தமாக:

"பஸ் ஸ்டாப்புல யாரும் இல்ல. இத நான்தான் எழுதுனேன். வைகாசியில இருந்து தைவரைக்கும் வீட்டுல சும்மா இருந்தப்ப மனசுல ஓடிட்டே இருந்துச்சு. ஒரே நாள்ல எழுதிட்டேன். என் கதை."

என் குரல் இவ்வளவு பெரிதாக இருக்கும் என்று எனக்குத் தெரியாது. பாட்டில் ஒன்று கீழே விழுந்தது.

அறக்கட்டளைக்காரர்களில் ஒருவர் நெஞ்சில் கைவைத்துக்கொண்டார். மேடம் அவர் காதருகே, ஆனால் எனக்கும் கேட்கும்படி, "பாருங்க, யாரோ ஒரு பொண்ணு இந்தப் புராணத்தைத் தன்னோடதாவே உணர்ந்துட்டா. இதுக்குத்தான் நான் வேலை செய்யறேன்" என்றார்.

அண்ணாச்சி, "எவளோ புளுகுதா. அம்மைக்கே பொறுக்காது" என்றார்.

அடுத்து மருமகள் குரல் வந்தது. எல்லோரும் நடந்தோம்.

வெளியே வந்ததும் ஜெரோம் அண்ணன் ஒயரைச் சுற்றிக்கொண்டே, என்னைப் பார்க்காமல் சொன்னார். "வால்யூமக் கூட்டுனது நான்தான். இதுக்கு மேல என்கிட்ட சத்தம் இல்ல."

பிப்ரவரி 21, புதன்

மேடம் இன்று எல்லோருக்கும் இனிப்புக் கொடுத்தார். படைப்பு கொச்சியில் நடக்கும் கலைக் கண்காட்சிக்குப் போகிறது. கூடவே ஒரு புத்தகமும் வருகிறது. தமிழிலும் ஆங்கிலத்திலும், கதை முழுவதும். திங்கட்கிழமை அச்சுக்குப் போகிறது. முதல் பக்கத்தைக் காட்டினார். "சொன்னவர் பெயர் தெரியவில்லை" என்பது சாய்ந்த எழுத்தில் அழகாக இருந்தது.

அம்மையிடம் சொன்னேன். எல்லாவற்றையும். அவள் கருவாட்டைச் சுட்டுக்கொண்டிருந்தாள்.

"எனக்கு அன்னைக்கே தெரியும்" என்றாள். "அந்தம்மாட்ட சொல்லீட்டியா?"

"சொன்னா பொய் சொன்னேன்னு வெளிய போகச் சொல்லுவாங்க. கொச்சிக்குக் கூட்டிட்டுப் போறேன்னு சொல்லிருக்காங்க."

"சொல்லலன்னா?"

"கொச்சிக்குப் போவேன். பெட்டி தூக்கிட்டு."

அம்மை கருவாட்டைத் திருப்பிப் போட்டாள். "பெத்த பிள்ளைய ஊரான் வீட்டு வாசல்ல போட்டுட்டு, அந்த வீட்டுலயே பாத்திரம் கழுவப் போறேன்னு சொல்லுத. கூறு கெட்டவ."

பிப்ரவரி 23, வெள்ளி

கருவாடு தீய்ந்த வாடை இன்னும் போகவில்லை. மேடம் நோட்டுகளை ஞாயிறு காலை கேட்டிருக்கிறார். ஜெரோம் அண்ணன் தன்னுடையதை இன்றே கொடுத்துவிட்டார். மொத்தம் ஆயிரத்து நானூறு மீட்டர் ஒயர்.

பிப்ரவரி 24, சனி

மேடம், இனி உங்களிடம் நேராகவே எழுதுகிறேன். நேரில் வந்தால் நான் செருப்பைப் பார்த்துக்கொண்டு நிற்பேன், நீங்கள் டீ சொல்லிவிடுவீர்கள்.

ஜனவரி 18 அன்று இந்த நோட்டில் எழுதியது பொய். பெண்மணி யாரும் இல்லை. அன்று சாயல்குடி பஸ்ஸே வரவில்லை, பஞ்சர். பஸ் ஸ்டாப்பில் நான் மட்டும் மூன்று மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். கதையைக் கொண்டுவராவிட்டால் நீங்கள் கலங்கரை விளக்கத்துக்குப் போய்விடுவீர்கள் என்ற பயத்தில் எழுதினேன் என்று சொன்னால் அது பாதிதான். எழுதி முடித்ததும் எனக்கு அது பிடித்திருந்தது. என் பெயரில் கொடுத்தால் நீங்கள் பிழை பார்ப்பீர்கள், ஒரு கிழவி பெயரில் கொடுத்தால் அழுவீர்கள் என்று தோன்றியது. அழுதீர்கள். அதுவும் எனக்குப் பிடித்திருந்தது.

ஆயிரம் பேர் வாயில் புரண்டு வந்த கதை என்றீர்கள். ஒரு ஆள்தான். கிட்டங்கிக்கும் எலிக்கும் மேல் இந்த ஊரிடம் எதுவும் கிடைக்காதபோது, என்னிடம் இருந்ததைக் கொடுத்தேன். பொய் சொன்னதற்கு நீங்கள் என்ன செய்தாலும் சரி. கொச்சிக்கு வேண்டாம் என்றால் வரவில்லை. மன்னிப்புக் கேட்கிறேன். முதல் பக்கத்தில் கேட்டது மரியாதைக்கு, இது நிஜமாக.

ஊரில் எதையும் மாற்ற வேண்டாம். வாசல் பலகை இருக்கட்டும். இப்போது போய் அது என் கதை என்று சொன்னால் அண்ணாச்சி பரிவட்டத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டிவரும், செல்லக்கனி அத்தை மறுபடி வீட்டுக்குள்ளேயே சண்டை போட வேண்டிவரும். துலாபாரம் கொடுத்த குழந்தை நன்றாக இருக்கிறது. அவர்களுடைய அம்மை அவர்களுக்கே இருக்கட்டும், பச்சைச் சேலையோடு.

புத்தகம் மட்டும் வேறு. அதை முன்பின் தெரியாதவர்கள் படிப்பார்கள். எங்கள் வீட்டில் இதுவரை யார் பெயரும் அச்சில் வந்ததில்லை. வாக்காளர் பட்டியலில் வந்திருக்கிறது, அதிலும் அப்பா பெயர் தப்பு.

கேட்க வேண்டியதை நான்கு பக்கமாகத் தள்ளிக்கொண்டே வருகிறேன். நாளை காலை ஜெரோம் அண்ணன் இந்த நோட்டை உங்களிடம் தருவார். திங்கட்கிழமைக்கு இன்னும் ஒரு நாள் இருக்கிறது. முதல் பக்கத்தில் "சொன்னவர் பெயர் தெரியவில்லை" என்பதை எடுத்துவிட்டு, சாய்ந்த எழுத்து வேண்டாம், நேரான எழுத்தில் இப்படிப் போடுங்கள், மேடம்:

கதை: ச. உலகம்மாள்.